‘ஈடிவி6–ரன்எக்ஸ்1 பாசிட்டிவ்’: பிள்ளைக்கு வந்தது பரம்பரை நோயா?

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நாலு வயது மகனுக்குக் காய்ச்சலும் கால் வலியும் விட்டு விட்டு வந்தது. காலில் காரணமில்லாமல் கன்றிப்போன திட்டுகள். மதுரையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முதல் மாதச் சிகிச்சை முடிந்து எம்.ஆர்.டி. (மிச்சமிருக்கும் நோயணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘ஈடிவி6–ரன்எக்ஸ்1 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது; டாக்டர் ‘இது நல்ல வகை’ என்றார். காலேஜில் படிக்கும் என் தம்பியோ, ‘ஈடிவி6 மற்ற ஜீன்களை அடக்கி வைக்கிற ஜீன், அது கெட்டால்தான் புற்றுநோய்’ என்கிறான். அதே ரிப்போர்ட்டில் ‘குரோமோசோம் நார்மல்’ என்றும் ‘பச்சை சிக்னல் இல்லை’ என்றும் போட்டிருக்கிறார்கள். இது என் பிறந்த வீட்டு வழியில் வந்தது என்று மாமியார் சொல்கிறார். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள்; அவளையும் சோதிக்க வேண்டுமா? நோய் போய்விட்டது என்றால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மருந்து எதற்கு? மீன் கொடுக்கலாமா? ஓரியூர் அருளானந்தர் கோவிலில் மொட்டை போடுவதாக வேறு நேர்ந்திருக்கிறோம்.
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் மாமியாருக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஈடிவி6–ரன்எக்ஸ்1 என்ற இந்த இணைவு பெற்றோரிடமிருந்து வருவதில்லை. உங்கள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. உங்கள் மகனின் உடம்பில், ரத்தம் உண்டாக்கும் ஒரே ஒரு அணுவில், இரண்டு குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொண்டதால் வந்தது. பெரும்பாலும் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இது நடந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்து வைத்த ரத்தத் துளியை, சில வருடம் கழித்து நோய் வந்தபின் எடுத்துச் சோதித்துத்தான் இதைக் கண்டறிந்தார்கள். கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ, உப்புத் தண்ணீரோ, கருவாடோ இதற்குக் காரணமில்லை.

தம்பி படித்தது சரிதான், ஆனால் பாதிக் கதை. ஈடிவி6 என்பது 12-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் ஒரு மரபணு. அது உண்டாக்கும் புரதத்துக்கு மூன்று பகுதி. பின்பகுதி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்கும். முன்பகுதியால் இந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நடுப்பகுதி துணைப் புரதங்களை வரவழைக்கும். அவற்றோடு ஹெச்டேக் என்கிற நொதிகளும் வந்து சேரும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகளில் அசிட்டைல் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். இந்த நொதிகள் அவற்றைக் கழற்றிவிட்டால் அந்த இடத்து டி.என்.ஏ. இறுகிவிடும். சுருட்டிக் கட்டிப் போட்ட வலை எப்படி மீன் பிடிக்காதோ, அப்படித்தான் இறுகிப்போன மரபணுவும்: அழியவில்லை, இருக்கிறது, ஆனால் அதிலிருந்து படியெடுத்துப் புரதம் செய்ய முடியாது. ‘அடக்கி வைக்கிற ஜீன்’ என்று தம்பி சொன்னது இதைத்தான். இது கெட்ட வேலை இல்லை. குழந்தை பிறந்தபின் மஜ்ஜையில் ரத்த மூல அணுக்கள் நிலைத்திருக்கவும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சரியாக உருவாகவும் இந்த அடக்குதல் வேண்டும்.

ரன்எக்ஸ்1 இருப்பது 21-ஆம் குரோமோசோமில். அதன் வேலை பெரும்பாலும் எதிர்த்திசையில்: ரத்த அணுக்கள் முதிர்வதற்கான மரபணுக்களைத் தேடிப்போய்த் திறந்துவிடும். உங்கள் மகனின் நோயணுவில் ஈடிவி6-இன் முன், நடுப்பகுதிகள் மட்டும் வெட்டுப்பட்டு, ஏறக்குறைய முழு ரன்எக்ஸ்1-உடன் ஒட்டிக்கொண்டன. விளைவு விபரீதம்: போய்ச் சேரும் இடம் ரன்எக்ஸ்1-இனுடையது, அங்கே செய்கிற வேலை ஈடிவி6-இனுடையது. திறந்திருக்க வேண்டிய மரபணுக்கள் மூடப்படுகின்றன. பி-வகை வெள்ளையணுவாக முதிர வேண்டிய அணு பாதியிலேயே நின்று, நின்ற இடத்திலேயே பெருகுகிறது.

இந்த இணைவு மட்டும் இருந்தால் புற்றுநோய் வந்துவிடாது. 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணிக்கை பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இணைவு இருக்கும் குழந்தைகளில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. நோய் வருவதற்கு இரண்டாவதாக ஒரு அடி விழ வேண்டும். பி-அணுக்கள் விதவிதமான எதிர்ப்புப் புரதங்களைச் செய்வதற்காகத் தங்கள் டி.என்.ஏ.வையே வெட்டி ஒட்டும் ஒரு கருவியை வைத்திருக்கின்றன. அது தவறான இடத்தில் வெட்டிவிடும்போதுதான் பல சமயம் அந்த இரண்டாவது அடி விழுகிறது. அதிகம் அடிபடுவது எது தெரியுமா? ஓர் அணுவில் இருக்கும் இரண்டு ஈடிவி6 பிரதிகளில், உடையாமல் மிச்சமிருக்கும் நல்ல பிரதிதான்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். ‘பச்சை சிக்னல் இல்லை’ என்ற வரிக்கு அர்த்தம் மேலே சொன்னதில் இருக்கிறது. ஃபிஷ் பரிசோதனையில் ஈடிவி6-க்குப் பச்சை, ரன்எக்ஸ்1-க்குச் சிவப்பு என்று ஒளிரும் குறிகளைப் போட்டு நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். நல்ல அணுவில் இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு தெரியும். இணைவு உள்ள அணுவில் ஒரு மஞ்சள் (பச்சையும் சிவப்பும் ஒட்டியது), ஒரு பச்சை (மீதமுள்ள நல்ல ஈடிவி6), ஒரு பெரிய சிவப்பு, ஒரு சின்னச் சிவப்பு. உங்கள் மகனுடைய ரிப்போர்ட்டில் பச்சை இல்லை என்றால், அந்த நல்ல ஈடிவி6-உம் நோயணுவில் தொலைந்துவிட்டது என்று பொருள். இந்த வகை நோயில் இது சர்வ சாதாரணம். பயப்பட வேண்டாம், இதற்காகச் சிகிச்சையை மாற்றுவதும் இல்லை.

ஒரு பக்கம் ‘குரோமோசோம் நார்மல்’, இன்னொரு பக்கம் ‘பாசிட்டிவ்’ என்று இருப்பதும் முரண் கிடையாது. 12-உம் 21-உம் மாற்றிக்கொண்ட துண்டுகள் அளவிலும் சாயப் பட்டைகளிலும் ஒன்று போலவே இருப்பதால் வழக்கமான குரோமோசோம் சோதனையில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். செய்தால்தான் தெரியும். அதனால்தான் குழந்தைகளின் ஏ.எல்.எல்.லில் அவற்றில் ஒன்றைத் தனியாகக் கேட்டுச் செய்கிறார்கள். பழைய ரிப்போர்ட்டுகளில் இதே இணைவை ‘டெல்–ஏ.எம்.எல்.1’ என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து, நோய் ஏ.எம்.எல். என்ற வேறு வகையோ என்று குழம்பிய குடும்பங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான். உங்கள் மகனுக்கு ஏ.எல்.எல்.

தம்பி இணையத்தில் தேடும்போது ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஈடிவி6 கூட்டுச் சேரும் மரபணுக்கள் முப்பதுக்கும் மேல். கூட்டாளி யார் என்பதைப் பொறுத்து நோயே மாறும். ஏபிஎல்1, பிடிஜிஎஃப்ஆர்பி போன்றவற்றோடு சேரும்போது நடப்பது அடக்குதல் இல்லை. ஓயாமல் முடுக்கிவிடும் நொதி ஒன்று உருவாகும். அங்கே இமாட்டினிப் வகை மாத்திரைகளுக்கு வேலை உண்டு, உங்கள் மகனுக்கு இல்லை. ஈடிவி6 என்று மட்டும் போட்டுத் தேடினால் இவை எல்லாம் கலந்து வந்து வீட்டில் வீண் கலவரம்.

‘அடக்கி வைத்ததைத் திறக்கிற மருந்து கொடுத்தால் என்ன?’ என்று தம்பி கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஏ.பி.எல். (அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா) என்கிற இன்னொரு ரத்தப் புற்றுநோயில் அதுதான் சிகிச்சை. அங்கேயும் ஓர் இணைவுப் புரதம் மரபணுக்களை மூடி வைக்கிறது. வைட்டமின் ஏ வழி வந்த அட்ரா மருந்தும் ஆர்செனிக் டிரையாக்சைடும் அதை விடுவிக்கின்றன. ஆர்செனிக்கை மட்டுமே வைத்துப் பல நோயாளிகளைக் குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வுகளில் வேலூர் சி.எம்.சி.யின் பங்கு பெரியது. ஈடிவி6–ரன்எக்ஸ்1-க்கு அப்படி நடைமுறையில் இருக்கும் திறவுகோல் மருந்து எதுவுமில்லை. தேவையும் பெரிதாக எழவில்லை, ஏனென்றால் இந்த அணுக்கள் வழக்கமான மருந்துகளுக்கே நன்றாகப் பணிகின்றன. டாக்டர் ‘நல்ல வகை’ என்றது இதனால்தான். முறையாக முழுச் சிகிச்சை நடக்கும் இடங்களில் இந்த வகைக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

பரம்பரை இல்லை என்றேன். இணைவைப் பொறுத்தவரை அதில் மாற்றமில்லை. ஆனால் ஈடிவி6 மரபணுவிலேயே பிறவிக் கோளாறு இருக்கும் குடும்பங்கள் அபூர்வமாக உண்டு. 2015-இல்தான் இது தெரியவந்தது. அமெரிக்காவில் ஏ.எல்.எல். வந்த நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகளைச் சோதித்ததில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது இருந்தது. அந்தக் குடும்பங்களில் அடையாளம் ஒன்றுண்டு: தலைமுறை தலைமுறையாகத் தட்டணுக் குறைவு. சின்ன வயதிலிருந்தே மூக்கில் ரத்தம், பல் பிடுங்கினால் நிற்காத கசிவு, மாதவிலக்கில் அதிகப் போக்கு, ‘எப்போது பார்த்தாலும் பிளேட்லெட் ஒரு லட்சம்தான்’ என்று சொல்கிற உறவினர், ரத்தப் புற்றுநோய் வந்த இன்னொருவர். இப்படி யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கேளுங்கள், மாமியார் வழியையும் சேர்த்துத்தான். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு தடயம்: நோய் அடங்கி மற்ற அணுக்கள் எல்லாம் ஏறியபின்னும், மருந்து இடைவெளியிலும்கூட தட்டணு மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் இருப்பது. சந்தேகம் வந்தால் நோய் அடங்கிய நேரத்து ரத்தத்திலோ தோலிலிருந்தோ மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். நோய் இருந்தபோது எடுத்த மஜ்ஜையைச் சோதித்தால் பிறவிக் கோளாறா, நோயணுவில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லாதபோது பெண் குழந்தைக்குச் சோதனை வேண்டாம். இரட்டைக் குழந்தைகள், அதிலும் ஒரே கருவிலிருந்து பிறந்தவர்கள் என்றால்தான் மற்றவரைக் கண்காணிக்க வேண்டும். ஒரே நஞ்சுக்கொடி வழியாக ஒருவரின் அணு மற்றவருக்குப் போய்விடும் என்பதே அதற்குக் காரணம். உங்கள் மகள் தனியாகப் பிறந்தவள்.

அடுத்து, நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி: நோய் போய்விட்டதே, இன்னும் மருந்து எதற்கு? ஒரு கணக்கைப் பாருங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் அன்று உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். எம்.ஆர்.டி. நெகட்டிவ் என்றால் மஜ்ஜையில் பத்தாயிரம் அணுவுக்கு ஒன்றுக்கும் குறைவு, அதாவது 0.01 சதவீதத்துக்குக் கீழே. ஒரு லட்சம் கோடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எவ்வளவு? பத்துக் கோடி. சோதனைக்கு அகப்படாமல் அவ்வளவு வரை இன்னும் இருக்க இடமுண்டு. நெகட்டிவ் என்பது மிக நல்ல செய்தி, மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்று. ஆனால் நோய் தீர்ந்ததற்கான சீட்டு இல்லை.

இந்த வகைக்கு இன்னொரு குணமும் உண்டு: திரும்பி வந்தால் தாமதமாக வரும். மருந்தை நிறுத்திப் பல மாதம், சில வருடம் கழித்துக்கூட வந்திருக்கிறது. அப்படித் திரும்பிய சில குழந்தைகளில் இணைவின் உடைப்பு பழைய இடத்திலேயே இருந்தும், ஈடிவி6 தொலைந்த விதம் புதிதாக இருந்தது. பழைய நோயணு போய்விட்டது. இணைவை மட்டும் சுமந்த மூதாதை அணு ஒளிந்திருந்து, புதிதாக இரண்டாவது அடி வாங்கிக் கிளம்பியிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். ‘நல்ல வகை’ என்ற பேச்சைக் கேட்டு ஆறாம் மாதமே ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிடும் குடும்பங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துக்கு ஒன்பது என்ற அந்தக் கணக்கு முழுக் காலமும் மருந்து எடுத்த குழந்தைகளுடையது. நம் நாட்டில் இந்தக் குழந்தைகளை இழப்பதற்கான முக்கியக் காரணங்களில் இரண்டு: சிகிச்சையைப் பாதியில் விடுவது, வெள்ளையணு குறைந்த நேரத்தில் வரும் தொற்று. இரண்டிலும் வீட்டார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதல் சில மாதம் ஊசிகளும் முதுகுத்தண்டு மருந்துமாக ஆஸ்பத்திரி நேரம் அதிகம். அதற்கப்புறம் வரும் நீண்ட பராமரிப்புக் காலத்தில் மருந்து உங்கள் கையில்தான். தினமும் 6-மெர்காப்டோப்யூரின், வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். அளவை உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். உதாரணத்துக்கு, 16 கிலோ எடையுள்ள குழந்தையின் உடல் பரப்பு ஏறக்குறைய 0.68 சதுர மீட்டர். மெர்காப்டோப்யூரின் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 41 மில்லிகிராம் ஆகிறது. மாத்திரை வருவதோ 50 மில்லிகிராமில். ஆகவே வாரத்தில் நாலு நாள் முழு மாத்திரை, மூன்று நாள் அரை மாத்திரை என்று பிரித்து எழுதுவார்கள். மெத்தோட்ரெக்சேட் சதுர மீட்டருக்கு 20 என்றால் வாரத்துக்கு 13.6 மில்லிகிராம், 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்தரை. இது கணக்கு புரிவதற்காகச் சொன்னது. உங்கள் சீட்டில் இருப்பதே உங்கள் அளவு. எடை கூடும்போதும் கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) மாறும்போதும் அதுவும் மாறும்.

இங்கே நடக்கும் பெரிய விபத்து, வாரம் ஒரு முறை மருந்தைத் தினமும் கொடுத்துவிடுவது. இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் சாயல் கொண்ட சின்ன மாத்திரைகள். மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்து நாலைந்து நாள் கொடுத்தாலே வாயெல்லாம் புண்ணாகி, அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும். இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். மெத்தோட்ரெக்சேட் டப்பாவில் கிழமையை எழுதி ஒட்டுங்கள்; கொடுத்தவுடன் காலண்டரில் வட்டம் போடுங்கள். வீட்டில் யார் கொடுப்பது என்பதையும் ஒருவர் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்றாகிவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் 10 மில்லிகிராமிலும் கிடைக்கிறது. ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் அட்டையில் மில்லிகிராமைப் படித்த பின்புதான் பணம் கொடுக்க வேண்டும்.

தவறவிடுவதும் அதே அளவு கெடுதல். மெர்காப்டோப்யூரினை 95 சதவீதத்துக்குக் குறைவாக எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்புவது கூடியதை அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே 95-க்குக் கீழே போய்விடும். சங்கடம் என்னவென்றால், மாத்திரை விட்டுப்போனால் பிள்ளை வாட மாட்டான். சொல்லப்போனால் தெம்பாகத் தெரிவான். அதனால்தான் விடுவது சுலபமாகிவிடுகிறது. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். சரியான அளவில் கொடுத்தும் அணுக்கள் தாறுமாறாகச் சரிந்தால், என்.யு.டி.டி.15, டி.பி.எம்.டி. மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். இந்த மருந்தை உடம்பு கழிக்கும் வேகத்தை இவை தீர்மானிக்கின்றன. நம்மவர்களிடம் என்.யு.டி.டி.15 மாற்றம் டி.பி.எம்.டி. மாற்றத்தைவிட அதிகம். ‘கவுன்ட் ஏற’ என்று யாராவது சொல்லும் நாட்டு மருந்து, லேகியம், பப்பாளி இலைச் சாறு எதையும் இந்த மாத்திரைகளோடு சேர்க்க வேண்டாம். இரண்டு மருந்துமே கல்லீரலைச் சோதிக்கிறவை; மூன்றாவதாக ஒன்று வந்தால் எதனால் கெட்டது என்றே தெரியாமல் போகும்.

காய்ச்சல் விஷயத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு திட்டம் வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வெள்ளையணு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மூன்று, நாலு மணி நேரம் நீண்ட நேரம். எனவே அடுத்த முறை போகும்போது உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: நோய், கடைசியாகக் கொடுத்த கீமோ, காய்ச்சல் வந்தால் எடுக்க வேண்டிய ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி தேடும் சோதனை), போட வேண்டிய ஆன்டிபயாடிக்கின் பெயர், இந்த எடைக்கு எவ்வளவு, அழைக்க வேண்டிய போன் எண். லேமினேட் செய்து மருந்துப் பையிலேயே வையுங்கள். காய்ச்சல் வந்தால் நேரே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கடிதத்தைக் காட்டி முதல் டோஸைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மதுரைக்குக் கிளம்புங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி ஏற வேண்டும் என்பதுதான் இலக்கு.

தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்லாதீர்கள்; டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். அக்குளில் 100.4 டிகிரி காட்டினால் கிளம்ப வேண்டியதுதான், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்து இறங்குகிறதா என்று பார்ப்பதும் கூடாது. மருந்து காய்ச்சலை மறைக்கும், தொற்றைப் போக்காது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர், எனிமா இரண்டும் கூடாது. ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் காய்ச்சலே காட்டாமல் தொற்று முற்றிவிடும். பிள்ளை சுருண்டு படுப்பது, கை கால் சில்லிடுவது, விடாத வயிற்றுவலி இவற்றையும் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து, அந்த வாரம் கவுன்டும் குறைவாக இருந்தால் முன்கூட்டியே தீவிலிருந்து இறங்கி ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். பாம்பன் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திவிட்டால் ஆம்புலன்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மீன் கொடுக்கலாம், தாராளமாக. முள் எடுத்து, குழம்பில் நன்றாகக் கொதித்த அன்றைய மீன் இந்தக் குழந்தைகளுக்கு அருமையான புரதம். நண்டு, இறால், கணவாய் உள்வரை வெந்திருக்க வேண்டும். மட்டி, சிப்பி வகைகளைச் சிகிச்சை முடியும் வரை விட்டுவிடுங்கள். கடல் தண்ணீரை வடிகட்டி வாழும் அவற்றில் விப்ரியோ போன்ற கிருமிகள் சேரும், ஓடு திறந்த உடனே இறக்கிவிடுகிற பழக்கமும் நமக்கு உண்டு. மணலில் காய்ந்த கருவாட்டைச் சுட்டுக் கொடுப்பதும் வேண்டாம். நாலு தண்ணீரில் அலசிக் குழம்பில் வேகவைத்தது பரவாயில்லை. ஆனால் ஸ்டீராய்டு நாட்களில் அதுவும் கூடாது, உப்பு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறி முகம் வீங்கும். மரத்திலிருந்து இறக்கிய பச்சைப் பதநீர் வேண்டாம். நுங்கு, கழுவிக் கண்ணெதிரே சீவி உடனே சாப்பிடுவதானால் சரி. கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள்.

கரையில் செருப்பில்லாமல் விடாதீர்கள். கெளுத்தி முள்ளோ உடைந்த சிப்பியோ குத்திய சின்னக் காயத்தில் கடல் கிருமி ஏறினால் மளமளவென்று பரவும். மருந்து ஏற்றுவதற்கு போர்ட் அல்லது பிக் லைன் என்கிற குழாய் போட்டிருந்தால் டாக்டர் சம்மதிக்கும் வரை கடல் குளியல் கிடையாது. ராமேசுவரத்துத் தீர்த்த நீராடலுக்கும் இதே விதிதான்.

ஓரியூர் நேர்ச்சையை நிறைவேற்றலாம், அவசரம் வேண்டாம். கீமோவில் முடி தானாகவே கொட்டும். மீண்டும் முளைத்து, பராமரிப்புக் காலத்தில் கவுன்ட் நன்றாக இருக்கும் வாரமாகப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சவரக்கத்தி வேண்டாம், சுத்தம் செய்த மெஷினால் ஒட்ட வெட்டினால் போதும். தட்டணு குறைந்த தலையில் கத்தி பட்டால் ரத்தம் நிற்காது. அங்கே எடுத்து வரும் செம்மண்ணை நெற்றியில் வைத்துக்கொள்வதோடு நிறுத்துங்கள், வாயில் போடவோ ஊசி குத்திய இடத்தில் பூசவோ கூடாது. மகனுக்குக் காது குத்து பாக்கி இருந்தால் சிகிச்சை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கையில் காசு ஓடாது என்பது தெரிந்ததே. மதுரைக்குப் போவது தள்ளிப்போவதும் அப்போதுதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப அட்டை பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் பாருங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கும் வழியில்லாத மாதமானால் சொல்லாமல் வராமல் இருந்துவிடாதீர்கள். போன் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே எடுத்து முடிவைச் சொன்னால், மாத்திரை அளவைப் போனிலேயே மாற்றிச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் பெண் குழந்தை. அவளுக்கு ரத்தச் சோதனை வேண்டாம், தடுப்பூசி வேண்டும். மகனுக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்து எதுவும் சிகிச்சை முடிந்து குறைந்தது ஆறு மாதம் வரை கூடாது. மகளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைத் தள்ளிப்போடாமல் போடுங்கள். அவளுக்குத் தட்டம்மை வராமல் இருப்பதே அண்ணனுக்கும் காப்பு. ஒரு வயதானதும் சின்னம்மைத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்து மகன் அங்கே விளையாடியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள். போலியோவில் மட்டும் ஒரு மாற்றம்: சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, குழந்தையின் மலத்தில் வெளியேறி அண்ணனுக்குத் தொற்றக்கூடியது. அதனால் மகளுக்குப் போலியோவை ஊசியாகவே போடும்படி கேளுங்கள். முகாம் நாளில் வீடு தேடி வரும் செவிலியரிடமும் ‘வீட்டில் கீமோ எடுக்கிற பிள்ளை இருக்கிறான், சொட்டு வேண்டாம்’ என்று சொல்லி, மகனின் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.